வக்கீல் மருமகளும் ஸ்டார்ட் ஆகாத வண்டியும்

என் மருமகளுக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் வக்கீல். அவள் கோர்ட்டுப் படி ஏறியவள் இல்லை, கார் மெக்கானிக். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் ஷெட். இரண்டு வண்டி நிற்கும். மூன்றாவது வந்தால் துணி காயப்போடும் கொடியை அவிழ்க்க வேண்டும்.

மற்ற மெக்கானிக்குகள் வண்டி வந்து நின்றதும் பானெட்டைத் தூக்குவார்கள். இவள் தூக்க மாட்டாள். பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு வண்டிக்காரரை எதிரே ஸ்டூலில் உட்கார வைத்து விசாரிப்பாள். கடைசியாக எப்போது ஓடியது, யார் ஓட்டினார்கள், மழையில் நின்றதா, பெட்ரோல் எங்கே போட்டது, இதற்கு முன்னால் வேறு யாராவது கை வைத்தார்களா. பாதிப் பேருக்கு அங்கேயே வியர்த்துவிடும்.

"வண்டி பொய் சொல்லாது அத்தை. வண்டிக்காரங்கதான் சொல்லுவாங்க. முதல்ல அதைக் கழிச்சுட்டு அப்புறம் ஸ்பேனரை எடுக்கணும்" என்பாள்.

ஒருநாள் புருஷனும் பெண்சாதியுமாக ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை என்றார் புருஷன். செல்ஃப் என்றால் சாவியைத் திருப்பியதும் கர்கர் என்று எஞ்சினைச் சுற்றிவிடுகிற மோட்டார். இவள் வண்டியைப் பார்க்கவே இல்லை. அவர் விரலில் ஆடிக்கொண்டிருந்த சாவியைப் பார்த்தாள்.

"சாவி புதுசா சார்?"

"டூப்ளிகேட் போட்டேன்."

"பழைய சாவி?"

"வீட்டுல இருக்கு."

"வீட்டுல எங்க இருக்கு?" என்றாள் பெண்சாதி. இந்தக் கேள்வியை என் மருமகள் கேட்கவில்லை, ஆனால் கேட்டது நல்ல கேள்வி.

பழைய சாவி சீட்டாடப் போன இடத்தில் தொலைந்திருக்கிறது. அந்தச் சாவிக்குள் ஒரு சில்லு இருக்குமாம், அது இல்லாத சாவியை வண்டி ஏற்றுக்கொள்ளாதாம். பீரோவில் இருந்த இன்னொரு சாவியைக் கொண்டுவந்து போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. அந்த வீட்டில் அடுப்பு கிளம்ப ஒரு வாரம் ஆயிற்று என்று கேள்வி.

ஷெட் போடுவதற்கு முன் அவள் பெரிய மேஸ்திரி என்பவரின் ஒர்க்ஷாப்பில் ஏழு வருஷம் வேலை பார்த்தாள். ஏழு வருஷமும் வாளியில் மண்ணெண்ணெய் ஊற்றி, கழற்றிய பாகங்களைக் கழுவுகிற வேலைதான். கழுவிக்கொண்டே கேள்வி கேட்டுக் கேட்டுத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். வெளியே வந்தபோது அவர், "ஒரு வருஷத்துல திரும்பி வருவே. வாளியை யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்" என்றாராம். அதைச் சொன்ன அன்று அவள் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

எனக்கும் அப்போது இந்தத் தொழில் பிடிக்கவில்லை. மருமகள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, இரண்டு கால் மட்டும் வெளியே தெரிய, "அத்தை, டீ இருக்கா?" என்று கேட்டால் எந்த மாமியாருக்குப் பிடிக்கும்? காலிடமா டீயை நீட்டுவது? என் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் பல் செட் செய்கிற கடையில் வேலை செய்கிறான். நாள் முழுக்க வாயையே பார்த்துப் பார்த்து, வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான்.

ஷெட் போட்டுப் பத்து மாதம் ஆகியும் வண்டிகள் விட்டுவிட்டுத்தான் வந்தன. அந்தச் சமயத்தில்தான் பிரேக் சார் வந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், பன்னிரண்டு கார் வைத்திருக்கிறார். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்து பழக்கமாகிவிட்டதால், நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் அவர் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு காரும் பெரிய மேஸ்திரியிடம் போய்க்கொண்டிருந்தவை. அவருக்கு அங்கே ஏதோ மனக்கசப்பு. வெள்ளைக் கார் ஒன்றை ஆயில் மாற்ற, பிரேக் பார்க்க என்று இவளிடம் விட்டார்.

"இது ஒழுங்கா வந்தா பன்னிரண்டும் உங்ககிட்டதாம்மா" என்றார்.

அன்று சாப்பிடும்போது அவள் எங்கள் இருவரிடமும் சொன்னாள். "இந்த வேலை கையை விட்டுப் போனா மாசக் கடைசியில ஷெட்டைப் பூட்டிடறேன். திரும்பிப் போய் வாளியைப் பிடிக்க வேண்டியதுதான்." மகன் சாதத்தைப் பிசைந்தான். என் தலையில் அப்போது வேறு கவலை இருந்தது.

அந்தக் கவலை ஒரு தையல் மிஷின். அதற்கு ஸ்டாண்டு கிடையாது, தலை மட்டும்தான். கறுப்பு இரும்பு, ஒரு பெரிய கல் கனம். என் கட்டிலுக்கடியில் இருந்தது. அதில் நான் அதிகம் தைத்ததும் இல்லை. மகனுக்கு ஒரு சட்டை தைத்தேன், ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்தது. பிறகு ஊசி ஏறுவதே நின்றுவிட்டது. ஆனாலும் என்னுடையது என்னுடையதுதான். மருமகளுக்கு அந்த இடத்தில் பிளக் டப்பாக்களையும் ஆயில் டின்களையும் அடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்காரர் வரும்போது போட்டுவிடுங்கள் அத்தை என்று தன்மையாகத்தான் கேட்டாள்.

இரும்புக்காரர் வந்தார், போனார். சாயங்காலம் அவள், "போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். "போட்டாச்சு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகப் பெரிய மனசு பண்ணியிருக்கீங்க அத்தை" என்றாள். அப்படிச் சொல்லிவிட்ட பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? சொன்ன கையோடு, "குளிச்சுட்டு வந்து கட்டிலுக்கடியில பெருக்கிடறேன்" என்று பாத்ரூமுக்குள் போய்விட்டாள்.

அவள் குளிக்கக் கால் மணி நேரம் ஆகும். நான் ஷெட்டைப் பார்த்தேன். வெள்ளைக் கார் வேலை முடிந்து நின்றது. அடுத்த நாள் விட்டு மறுநாள்தான் பிரேக் சார் எடுத்துப் போவதாகப் பேச்சு. இரண்டு நாளில் மிஷினை வேறெங்காவது மாற்றிக்கொள்ளலாம்.

வண்டிக்கடியில் படுத்து நகர அவள் ஒரு சக்கரப் பலகை வைத்திருக்கிறாள். மிஷினைப் பழைய புடவையில் சுற்றி அதில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். டிரைவர் சீட்டுப் பக்கம் லிவரை இழுத்தால் டிக்கி திறக்கும் என்று பார்த்து வைத்திருந்தேன். முதலில் அவள் உட்காரும் பழைய டயர் மேல் ஏற்றினேன், பிறகு டிக்கி விளிம்புக்கு. விளிம்பிலிருந்து உள்ளே தள்ளும்போது கை நழுவி இடதுபக்கச் சுவரில் டம் என்று மோதியது. ஷெட்டே அதிர்ந்தது. பாத்ரூமிலிருந்து, "என்ன அத்தை சத்தம்?" என்றாள். "பூனை" என்றேன். டிக்கியை மூடிவிட்டு வந்து படுத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு போன். பிரேக் சார்தான். அவசரமாக வண்டி வேண்டும், பதினொரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு டிக்கியில் கிடந்த மிஷின்தான் நினைவுக்கு வந்தது. அவளுக்கோ சந்தோஷம். துடைத்து வைக்கிறேன் என்று வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

கர் கர் கர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை. விட்டுவிட்டு மறுபடி திருப்பினாள். கர் கர் கர். ஆறு தடவை பார்த்துவிட்டு இறங்கி வந்து டயர் மேல் உட்கார்ந்தாள். முகம் சின்னதாகியிருந்தது.

"நேத்து சாயங்காலம் நானே ஓட்டிப் பார்த்து உள்ள விட்டேன். நல்லா ஓடுச்சு. அதுக்கப்புறம் வண்டியை யார் தொட்டாங்க?"

கேட்டைப் பூட்டினது அவள்தான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மகன் குடையோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், "நான் ஷெட் பக்கமே போகல" என்று அந்த மாதத்தின் மிக நீளமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"நீங்க அத்தை?"

"நான் எதுக்குத் தொடப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். எஞ்சின் இருப்பது முன்னால். மிஷின் இருப்பது பின்னால். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தேன். இது சத்தியம்.

அவள் நம்பிவிட்டாள். அதன் பிறகுதான் பானெட்டைத் தூக்கினாள்.

எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தாள். நனையவே இல்லை, பெட்ரோல் வாசனையும் இல்லை. அதை இரும்பில் ஒட்டவைத்து என்னைச் சாவி திருப்பச் சொன்னாள். நீலமாகப் பொறி பறந்தது. "நெருப்பு இருக்கு" என்றாள். காற்றுக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் தெளித்துச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு தடவை உறுமி அணைந்தது. "நெருப்பும் சரி, மூச்சும் சரி. பெட்ரோல்தான் வந்து சேரல."

டாங்கியில் பாதி இருந்தது. அடுத்து என்னைப் பின் சீட்டில் குனிந்து காதை வைக்கச் சொன்னாள். பெட்ரோல் ஏற்றும் பம்ப் அதற்குக் கீழேதான் இருக்கிறதாம். சாவி போட்டால் இரண்டு நொடி ர்ர்ர் என்று முனக வேண்டுமாம்.

"கேக்குதா அத்தை?"

"கேக்குது."

"என்ன கேக்குது?"

"என் வயிறு. நான் இன்னும் டீ குடிக்கல."

பம்ப் முனகவில்லை. ஃபியூஸ்களைப் பார்த்தாள், நன்றாக இருந்தன. மணி ஒன்பதரை. அதற்குள் எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர் வந்துவிட்டார். எது கெட்டாலும் ஒரே வார்த்தை சொல்வதால் அவருக்கு மாத்து என்று பெயர்.

"என்ன தங்கச்சி, காலையிலேர்ந்து செல்ஃப் சத்தம் மட்டும் கேக்குது? பம்ப் போயிருக்கும். மாத்திடு. கடையில ரெடியா இருக்கு."

"பார்க்காம எப்படிண்ணே மாத்தறது?"

"மாத்திட்டுப் பாரு."

அவள் பின் சீட்டைக் கழற்றினாள். பம்புக்கு வருகிற வயரில் சின்ன விளக்கை வைத்து அவரைச் சாவி போடச் சொன்னாள். விளக்கு எரியவில்லை.

"பம்ப் மேல தப்பில்லண்ணே. அதுக்குக் கரண்ட்டே வரல."

"கரண்ட் வராத பம்ப்பை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? மாத்திடு."

அவள் சீட்டு இருந்த இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தனக்குத்தானே பேசினாள். "பம்புக்குப் போற வழியில ஒரு ஸ்விட்ச் இருக்கு. வண்டி எங்கயாவது இடிபட்டா அது தானா விழுந்து பெட்ரோலை நிறுத்திடும், தீப்பிடிக்காம இருக்க. அது டிக்கியில இடது பக்கம் இருக்கு. ஆனா வண்டி நின்ன எடத்துலதானே நின்னுச்சு."

இடது பக்கம் என்றதும் நான் டிக்கியைப் பார்த்தேன். அந்த டம் இன்னும் காதிலேயே இருந்தது.

"எதுக்கும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்று எழுந்தாள்.

அவள் வருவதற்குள் நான் போய் டிக்கி மேல் சாய்ந்துகொண்டேன்.

"நகருங்க அத்தை."

"இடிச்சாத்தான் விழும்னு நீதானே சொன்னே?"

"ஆமா."

"இடிச்சதா?"

"இடிக்கல."

"அப்புறம் என்ன? இருக்கிற நேரத்துல வேற எதையாவது பாரு. எனக்கு முட்டி வலிக்குது, கொஞ்ச நேரம் சாஞ்சுக்கறேன்."

அவள் மணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தொட்டீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று நான் சொல்லியிருந்தேன். அவள் கணக்கில் அது கழிந்துபோன விஷயம். "அதுவும் சரிதான். எலி வயரைக் கடிச்சிருக்கும்" என்று தரைவிரிப்பை உரிக்க ஆரம்பித்தாள். வண்டி முழுக்க உரித்தால் ஒரு நாள் ஆகும். நான் அசையவில்லை. இப்போது சொன்னால் பொய்யும் தெரியும், மிஷினும் போகும். பதினொரு மணிக்குள் எப்படியாவது வேறு வழி பிறக்கும் என்று பிடிவாதமாக நின்றேன்.

பத்தே முக்காலுக்கே பிரேக் சார் வந்துவிட்டார். வந்தவர் கண்டது, சீட்டு வெளியே, விரிப்பு வெளியே, மெக்கானிக் உள்ளே, நான் டிக்கியில். அவர் வலது கால் தரையை அழுத்தியது.

"ஓடற வண்டியைத்தானேம்மா குடுத்தேன்?"

"ஆமா சார். ஓடற வண்டிதான்."

"பம்ப் சார்" என்றார் மாத்து. "பழைய பம்ப். எந்த நிமிஷமும் போகும். யார் மேலயும் தப்பில்ல. சொல்லிடு தங்கச்சி."

அவள் சொல்லியிருக்கலாம். பம்ப் என்று சொன்னால் பழி அவள் மேல் வராது. மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள், "பம்ப் நல்லாத்தான் இருக்கு சார். என் ஷெட்டுல நின்ன நேரத்துல ஏதோ ஆயிருக்கு. என்னன்னு இன்னும் தெரியல. சர்வீஸ் பண்ணும்போது நான்தான் எங்கயாவது வயரை இழுத்துட்டேன் போல. என் தப்பாத்தான் இருக்கும்."

பிரேக் சார் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். "பரவாயில்லம்மா. மேஸ்திரிகிட்டயே இழுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் சீட்டைத் தூக்கி உள்ளே வைக்கப் போனாள். அவள் கைகளைப் பார்த்தேன். ஏழு வருஷம் மண்ணெண்ணெயில் ஊறிய கை, நகமெல்லாம் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

"போனை வைங்க" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"வண்டியைத் தொட்டீங்களான்னு கேட்டியே."

"ஆமா அத்தை."

"தொடலைன்னு சொன்னேன். முன்பக்கம் தொடல."

அவள் சீட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். "பின்பக்கம்?"

"தொட்டேன்னு சொல்ல முடியாது. திறந்தேன்."

"தொடாம எப்படித் திறந்தீங்க?"

"லிவரை இழுத்தா அதுவா திறந்துக்குது."

"திறந்து?"

"ஒரு சாமான் வச்சேன்."

"என்ன சாமான்?"

"இரும்புக்காரர் எடுத்துட்டுப் போன சாமான்."

"எடுத்துட்டுப் போன சாமான் எப்படிப் பெரியம்மா டிக்கிக்குள்ள வரும்?" என்றார் மாத்து.

"உன்னை யாரும் கேக்கல."

"அத்தை" என்றாள் அவள், வக்கீலாகவே மாறி. "வைக்கும்போது இடிச்சதா?"

"பூனைன்னு சொன்னேனே, அது பூனை இல்ல."

நான் நகர்ந்துகொண்டேன். டிக்கி திறந்தது. என் புடவையைப் போர்த்திக்கொண்டு மிஷின் பிள்ளை மாதிரி படுத்திருந்தது. அவள் அதைத் தொடாமல், இடது பக்க விரிப்பை விலக்கிக் கையை உள்ளே விட்டு எதையோ அழுத்தினாள். டிக் என்றது. போய்ச் சாவியைப் போட்டாள். பின்னாலிருந்து ர்ர்ர் என்று முனகல் வந்தது. திருப்பினாள். ஒரே சுற்று, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. பிரேக் சார் அப்போதுதான் காலைத் தரையிலிருந்து எடுத்தார்.

பிரேக் சார் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது தைக்குமா பெரியம்மா?"

"தைக்காது."

"அப்புறம் எதுக்கு?"

"என்னுது."

அவர் தலையை ஆட்டினார். பிறகு அவளிடம், "ஒரு பட்டனை அமுக்கினா சரியாப் போற விஷயம். போன வருஷம் மேஸ்திரிகிட்ட மூணு வண்டிக்கு பம்ப் மாத்தினேன். எல்லாம் இதே மாதிரிதான். செல்ஃப் அடிச்சுது, ஸ்டார்ட் ஆகல" என்றார்.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். அவள் முகத்தில் விசாரணைக் களை வந்துவிட்டது. "அந்த மூணு வண்டியும் நிக்கறதுக்கு முன்னாடி எங்கயாவது இடிச்சுதா சார்?"

"இடிக்காம? கத்துக்க வர்றவங்க ஓட்டற வண்டிம்மா. ஒண்ணு கம்பத்துல. ஒண்ணு பள்ளிக்கூட மதில்ல. இன்னொண்ணு..." அவர் நிறுத்திக்கொண்டார். வலது கால் தரையை இறுக்கி அழுத்தியது. "மேஸ்திரி இதைக் கேக்கவே இல்லையே."

"பம்ப் எங்க வாங்கினாங்க சார்?"

தன் கடையில் ஆள் இல்லை என்பது மாத்துக்கு அந்த நிமிஷம்தான் நினைவு வந்தது. தெருவைக் குறுக்கே கடக்கும்போது அவர் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. பிரேக் சார் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சீட்டையும் விரிப்பையும் பொருத்த அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். வண்டியில் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர், "நாளையிலேர்ந்து மூணு மூணா அனுப்பறேம்மா. பன்னிரண்டையும் பாத்துடுங்க" என்றார். கிளம்பி வாசல் தாண்டியவர் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "டிக்கி காலியாத் திரும்பி வரணும் பெரியம்மா."

அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இரும்புக் கடைக்குப் போகிறாளோ என்று பின்னாலேயே போனேன். என் கட்டிலுக்கடியில் குனிந்து, ஆயில் டின்களை ஓர் ஓரமாகத் தள்ளி, இடம் பண்ணி வைத்தாள்.

"தொட்டுட்டுத் தொடலைன்னு என்கிட்ட சொல்லாதீங்க அத்தை" என்றாள். "நீங்க சொன்னதை நம்பித்தான் டிக்கியைத் திறக்கலை."

"இனிமே உண்மையைச் சொல்றேன்" என்றேன். "ஆனா அதுல தைக்க முடியாதுன்னு மட்டும் வேற யாருகிட்டயும் சொல்லாதே."